சஹனைச் சுற்றி ஆறு கைகள்

இன்று காலை கடையைத் திறந்து அயன் பெட்டியைச் சூடாக்கி, புதிதாக வாங்கிய பருத்தித் துண்டொன்றின் மேல் வைத்தேன். ஆவியோடு ஒரு மணம் எழும்பியது. அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்த நூலில் சூடு பட்டால் வருமே, அந்த மணம். உன் நெசவறைக் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அடிக்கிற மணம். கை அப்படியே நின்றுவிட்டது. துண்டின் ஓரம் லேசாகக் கருகியும் போனது. அதற்கும் நீதான் பொறுப்பு.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ இருந்த காலத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதியதில்லை. கோபம் வந்தால் சாய்ந்தமருதில் பஸ் ஏறி மருதமுனையில் இறங்கி, உன் முன்னால் நின்று கொட்டித் தீர்த்துவிட்டு, நீ ஊற்றித் தருகிற பால் விடாத பிளேன்டியைக் குடித்துவிட்டு வருவேன். இப்போது அந்த வசதி இல்லை. உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்னதை நான் செய்துவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு ஏசு.

ஊரெல்லாம் சாரமும் சேலையும் நெய்துகொண்டிருக்க, நீ மட்டும் சுவரில் தொங்கவிடுகிற சீலைகளை நெய்தாய். தச்சு வேலை செய்கிற உன் கணவர் மச்சானிடம் சொல்லி ஆளுயர மரச்சட்டம் ஒன்று அடிப்பித்து, அதில் மேலிருந்து கீழாகப் பாவு நூல் கட்டி, ஊடை நூலைக் கையால் ஒவ்வொரு இழையாகக் கோத்து, சீப்பால் தட்டித் தட்டி இறக்கி, ஒரு படத்தையே நெய்து எடுப்பாய். ஒரு சீலைக்கு நாலு மாதம், ஐந்து மாதம். உடுக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது, மறுகா என்னத்துக்குகா இந்த வேலை என்று உன் கூடப்பிறந்த ராத்தா வருகிற போதெல்லாம் கேட்பா. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் “பாக்க” என்பாய். அந்த ஒரு சொல்லோடு ராத்தாவுக்கு வாயடைத்துவிடும். ராத்தாவின் வாயை அடைக்க உன்னால் மட்டும்தான் முடிந்தது.

உருவம் நெய்யாதே, அது கூடாது என்று பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் சொல்லியனுப்பினார்கள். உனக்கு அதில் சண்டையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. முகம் கூடாது, அவ்வளவுதானே என்றாய். அன்றிலிருந்து நீ முகமில்லாமல் மனிதர்களை நெய்தாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் படியில் கிடக்கிற செருப்புகள். கொடியில் காய்கிற ஒரு குடும்பத்தின் உடுப்புகள். மழை நாளில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற குடைகள். பார்த்த உடனேயே இது இன்னார் என்று சொல்லிவிடலாம். செருப்பின் தேய்ந்த குதியை வைத்தே அது மச்சானுடையது என்று நான் ஒருநாள் கண்டுபிடித்தேன், ஞாபகமா?

ஏழு சீலை நெய்தாய். ஏழும் ஊரைவிட்டுப் போய்விட்டன. கொழும்பிலிருந்து சீலை வாங்குகிற அந்த அம்மா, ஒவ்வொன்றும் முடிந்தவுடன் ஆளனுப்பிச் சுருட்டிக் கட்டி எடுத்துப் போவா. அங்கே மண்டபத்தில் தொங்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும். நீ படமும் எடுத்து வைக்கவில்லை. நெய்து முடித்த சீலை உனக்கு முடிந்த சீலைதான், அடுத்த பாவைக் கட்டத் தொடங்கிவிடுவாய். சீலையைச் சட்டத்திலிருந்து அறுக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது உன் கட்டளை. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுத் தனியாக அறுப்பாய். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் சுருட்டிப் பழைய சாரத்தில் சுற்றியாகிவிடும். இதில் எனக்கு உன்மேல் எவ்வளவு மனத்தாங்கல் தெரியுமா? நாலு மாதம் உன் பக்கத்தில் குந்தியிருந்து நூல் சுற்றிக் கொடுத்தவளுக்கு ஒரு தரம் விரித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன். கேட்டால் சிரிப்பாய்.

ஏழிலும் எனக்குப் பிடித்தது சஹன். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் நெய்தாயே, அது. கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்கிற பெரிய சஹன், மேலே நின்று குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நடுவில் மஞ்சள் சோறு, சுற்றிலுமிருந்து ஆறு கைகள் சோற்றுக்குள் நீள்கின்றன. அசல் சஹனின் அளவு, அசல் கைகளின் அளவு. எங்களை எல்லாம் கூப்பிட்டு, பெரிய தாளில் கையை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தாய். ராத்தாவின் கை, உன் மாமியின் கை, என் கை, உன் கை, அப்போது ஆறு வயதாயிருந்த றிஸ்னாவின் கை. ஆறாவது கை உன் உம்மாவுடையது. அதற்குத்தான் வரைய ஆள் இல்லை, அவவைக் கடல் கொண்டுபோய்விட்டது. ராத்தாவின் கையை வைத்து, விரல்களைக் கொஞ்சம் மெலியவைத்து, சின்ன விரலை லேசாக வளைத்து வரைந்தாய். உம்மாட விரல் இப்பிடித்தான் கோணி நிக்கும் என்றாய். அன்று முழுக்க நீ கதைக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அதுவே என் வாழ்நாள் சாதனை.

அந்தச் சீலை பாதிக்கு மேல் ஏறியிருந்த ஒருநாள் எனக்கு ஓர் ஆசை வந்தது. நான் என்ன வேலை செய்கிறேன்? கல்முனை பஸாரில் அபாயா தைக்கிறேன். காலையிலிருந்து அந்தி மஃரிபு வரை கறுப்பை வெட்டி, கறுப்பைத் தைத்து, கறுப்பை அயன் பண்ணிக் கண்ணே கறுத்துப்போனவள். ஆனால் என் மேசைக்குக் கீழே மூட்டை மூட்டையாகக் கலர் கட்பீஸ் கிடந்தது. நீ நூலில் செய்வதை நான் துணியில் செய்தால் என்ன? வெட்டி, ஓரம் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து, நடுவில் பழைய போர்வை, பின்னால் ஒரு சாரம் கொடுத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக இழையோட்டினால் சுவரில் தொங்கவிடலாம். மனம் துள்ளியது. உன்னிடமே கேட்டேன். உன் சீலைகளைப் பார்த்து நான் துணியில் தைக்கட்டா?

உன் கை நிற்கவில்லை. சீப்பால் தட்டிக்கொண்டே சொன்னாய்.

“நான் நாலு மாசம் நெய்றத நீ ரெண்டு நாளையில தைச்சுப் போடுவ. மறுகா நான் என்னத்துக்கு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் முழுதும் சிரிப்பில்லை, எனக்கு விளங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மெஷினில் தைக்கிறவள் என்றால் எல்லாம் கடகடவென்று ஓடிவிடும் என்று நினைக்கிறாளே என்று மனம் எரிந்தது. இரண்டு கிழமை உன் பக்கம் வரவில்லை. பிறகு வட்டிலப்பத்தோடு வந்தேன், நீயும் ஒன்றும் நடக்காதது போலத் தின்றாய். ஆனால் அந்தப் பேச்சை நான் பிறகு எடுக்கவேயில்லை. நீயும் எடுக்கவில்லை. சஹன் சீலையை நீ அறுத்த கிழமை நான் என் மகனைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதுவும் சுருட்டிப் போய்விட்டது.

உன் சிறுநீரகம் கைவிட்டு, தறியில் உட்கார முடியாமல் போய், கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் பண்ண உன்னைக் கூட்டிப்போன அந்தக் காலத்தில் நான் கேட்டிருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உன் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் கதைத்தோம். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றிருப்பாய், எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நோயில் கிடக்கிறவளிடம் வாங்குகிற சம்மதம் எனக்குச் சம்மதமாகப் படவில்லை. அப்படியே நீ போய்விட்டாய்.

போன வருடம் றிஸ்னா என் கடைக்கு வந்தாள். பிள்ளை உண்டாகி இரண்டு மாதம், முகம் வாடியிருந்தது. உன் வீடு இப்போது அவளுடைய சீதன வீடு, மச்சான் பின்னறையில் இருக்கிறார். கொஞ்ச நேரம் துணிகளைத் தடவிக்கொண்டு நின்றவள், நாற்காலியில் இருந்து அழத் தொடங்கினாள்.

“சாச்சி, உம்மாட ஒண்டும் எங்கட ஊட்டுல இல்ல. நாளைக்கு என்ட புள்ள கேட்டா நான் என்னத்தக் காட்ற? எல்லாத்தையும் பாத்த ஆள் நீங்க மட்டும்தான். நீங்க தைச்சுத் தாங்க.”

முடியாது என்றேன். ஏன் என்றாள். உனக்கு அதில் விருப்பமில்லை, நான் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாய் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்படியே உன் பார்வை.

“உம்மா உங்களுக்குத்தான் வேணாம் எண்டாங்க. எனக்கு வேணாம் எண்டாங்களா?”

பெற்றாயே ஒரு பிள்ளை. சஹனைத் தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு நித்திரை வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், களைப்பில் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழும்பியபோதுதான் பயம் பிடித்தது. இருபது வருடத்துக்கு முந்திப் பார்த்த சீலை. அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நான் பிழையாகத் தைத்தால், இனி அந்தப் பிள்ளைக்கும் அவள் பிள்ளைக்கும் பிழைதான் உன் சீலை. திருத்திச் சொல்ல நீயும் இல்லை.

இரண்டு நாள் என்றாய். ஏழு மாதம் எடுத்தது, கேட்டுக்கொள்.

முதலில் கைகளுக்கு நிறம் கிடைக்கவில்லை. என் மூட்டைகளில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருந்தது, மனிதத் தோலின் நிறம் மட்டும் இல்லை. நீ ஆறு கைக்கும் ஆறு மண்ணிறம் சாயம் போட்டிருந்தாய். அவர் அவர் நிறம். கடைசியில் வெள்ளைப் பருத்தியை வாங்கித் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன். ராத்தாவுக்கு ஒரு தரம், உனக்கு இரண்டு தரம், எனக்கு நாலு தரம். என் வீட்டில் எல்லாரும் கேலி செய்தார்கள், எங்களுக்குப் பிளேன்டி இல்லை, துணிக்கு மட்டும் பானை பானையாகக் கொடுக்கிறா என்று. சோற்றுக்கு மஞ்சள் துணியை வைத்து, அதன்மேல் பருக்கை பருக்கையாக நூலால் குத்தினேன். அதற்கே இரண்டு மாதம். உன் கை என் அளவுக் கொப்பியில் இருந்தது. உனக்கு இறுக்கக் கை வைத்த சட்டை தைக்க மணிக்கட்டும் கைமுட்டியும் அளந்து எழுதியிருந்தேனே, அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உன் கையை வெட்டினேன். அன்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு எழும்பி வேலையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு கையும் எங்கே இருந்தது, விரல்கள் எப்படி மடங்கியிருந்தன, பெருவிரல் எந்தப் பக்கம் நீண்டது, எல்லாம் கண்ணை மூடினால் தெரிந்தது. கீழே நடுவில் உன் கை. அதை ஒட்டி றிஸ்னாவின் குட்டிக் கை. எதிரே உன் உம்மாவின் கோணல் விரல். ஒன்றிலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு மாதம் பார்த்த சீலை, பிழை வருமா? எனக்கு என் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை. இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி, சட்டையைக் கெடுக்கிற தையற்காரிகள் இந்த பஸாரில் எத்தனை பேர்! எனக்கு முப்பது வருடத்தில் ஒரு தரமும் அப்படி நடக்கவில்லை என்று பெருமை பேசுகிறவள் நான்.

றிஸ்னாவின் பிள்ளைக்கு நாற்பது கழிந்த விருந்துக்கு, தைத்து முடித்த போர்வையைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஆண்களுக்கு வெளியே பந்தல். உள்ளே கூடத்தில் பெண்களுக்குப் பாய் விரித்துச் சஹன் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெண்பிள்ளை. உன் நெற்றி. எல்லாரும் காட்டு காட்டு என்றார்கள். நான் கட்டை அவிழ்த்து, சுவரோரம் நின்ற இரண்டு பேரின் கையில் மேல் நுனிகளைக் கொடுத்து விரித்தேன். றிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குள்ளே குளிர்ந்தது. ஏழு மாதமும் இந்த நிமிஷத்துக்குத்தான் என்றிருந்தது.

அப்போது உன் ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தா. குனிந்தா. நிமிர்ந்தா.

“என்னகா இது? ஆறு பேரும் இடக்கையால தின்றாளுகள்!”

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இடக்கையால் தின்கிறவன் ஷைத்தான் என்று சின்ன வயதில் கையில் அடி வாங்கிப் படித்தவர்கள் நாங்கள் எல்லாரும். சஹனில் இருக்கிற ஒருத்தி மறந்துபோய் இடக்கையை நீட்டினாலே மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்க்கிற பார்வை உனக்குத் தெரியும். இங்கே ஆறு பேரும் ஒரே கட்டுப்பாடாக இடக்கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பார்த்தேன். ஆறு பெருவிரலும் தப்பான பக்கத்தில். ஏழு மாதம் அந்தப் பெருவிரல்களை ஓரம் மடித்துத் தைத்தவளுக்கு அது தெரியவில்லை, ராத்தாவுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நீ சொன்னது காதில் கேட்டது. ரெண்டு நாளையில தைச்சுப் போடுவ. வேண்டாம் என்றவளின் சீலையைக் களவாகத் தைக்கப் போனாயே, இப்போது பார் என்று நீயே எங்கோ நின்று சிரிப்பதுபோல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் உன்னை வெறுத்தேன். அறுத்த சீலையை ஒரு தரம், ஒரே ஒரு தரம் விரித்துக் காட்டியிருந்தால் எனக்கு இந்த வெட்கம் வந்திருக்குமா? போர்வையைப் பிடித்திருந்தவர்களிடமிருந்து வாங்கி, திருத்திக் கொண்டுவாறன் மகள் என்று சொல்லிச் சுருட்டத் தொடங்கினேன். திருத்துவது எங்கே! எல்லாவற்றையும் பிரித்தால் துணியில் ஊசி குத்திய ஓட்டைதான் மிஞ்சும்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மச்சான் கூடத்து வாசலில் வந்து நின்றார். என்ன என்று கேட்டார். ராத்தா சொன்னா. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் கையிலிருந்த சுருளை விரித்துப் பார்த்தார்.

“இது பிழை இல்ல. அவ நெய்யக்குள்ள இப்பிடித்தான் இரிக்கும்.”

யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும்தான். அவர் தச்சர் கதைக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த அறையில் இடம் காணாது என்று சட்டத்தைச் சுவரோடு அணைத்து நிறுத்தியவர் அவர்தான். சீலையின் முகம் சுவர்ப் பக்கம். நீ இருந்தது முதுகுப் பக்கம். நூலை மாற்றி மாற்றி முடிகிற வேலை என்பதால் முடிச்சும் வாலும் உன் கைக்கு எட்டுகிற பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் எல்லாச் சீலையையும் நீ புறத்தாலே இருந்துதான் நெய்தாய். வரைந்த தாளையும் அதற்கேற்ற மாதிரி மறுவளமாகத் திருப்பித்தான் பாவுக்குப் பின்னால் கட்டுவாய். நெய்கிறவளுக்கு இடக்கையாகத் தெரிவது அறுத்துத் திருப்பினால் வலக்கை.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. உன் சீலையில் எப்போதும் நூல் வால்கள் எங்களைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். தைத்து முடித்த உடுப்பில் நான் நூல் நறுக்குவதுபோல, கடைசியில் நீ அவற்றை நறுக்குவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடுப்பின் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று இருட்டில் தடவிச் சொல்கிறவள் நான். உன் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்து உன் சீலையின் உட்புறத்தை வெளிப்புறம் என்று பார்த்திருக்கிறேன். இதைவிட ஒரு தையற்காரிக்கு என்ன மானக்கேடு வேண்டும்?

றிஸ்னா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாப்பாவிடம் கேட்டாள்.

“அப்ப உம்மா நாலு மாசமும் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்த?”

“ஓம் மகள். இதத்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். சுருட்ட வேணாம் சாச்சி என்றாள். நான் விடவில்லை. வருகிற ஆட்கள் எல்லாரும் சிரிப்பார்கள், சரியான பக்கத்துக்கு இன்னொன்று தைத்துத் தருகிறேன், இன்னும் ஏழு மாதம் போனால் போகட்டும் என்றேன். ராத்தாவும், ஓம் புள்ள, நாலு பேர் வாற ஊடு என்று எனக்குப் பக்கமாகக் கதைத்தா. உன் மகள் அசையவில்லை.

“சரியான பக்கம் வாங்கின ஆக்கள்ட்ட இரிக்கி. எனக்கு உம்மா பாத்த பக்கம் வேணும்.”

பிறகு போர்வைக்குக் கிட்ட வந்து, இதுல உம்மாட கை எது என்று கேட்டாள். கீழே நடுவில் இருந்ததைக் காட்டினேன். பிள்ளை வலக்கையில் இருந்ததால் அவள் இடக்கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். மணிக்கட்டோடு மணிக்கட்டு, பெருவிரலோடு பெருவிரல், ஒரு நூல் தள்ளாமல் உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ராத்தா மெல்ல வந்து, எங்கட உம்மாட கை எங்ககா என்று என் காதுக்குள் கேட்டா. கோணல் விரலைக் காட்டினேன். அவ அதைத் தொடவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சோறு ஆறுது, எல்லாரும் இரிங்க என்று அதட்டினா.

அன்று சஹனில் எனக்கு எதிரே ராத்தாதான். சோற்றில் கையை வைக்க முதல் என் கையைப் பார்த்து, வலக்கைதானே என்றா. அவவைத் திருத்த முடியாது.

போர்வை இப்போது உன் வீட்டுக் கூடத்தில், கதவுக்கு நேரே தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சிரிக்கிறார்களாம். றிஸ்னா ஒவ்வொருவருக்கும் மரச்சட்டத்திலிருந்து தொடங்கி உன் கதையைச் சொல்கிறாளாம். சரியான பக்கத்துக்குத் தைத்திருந்தால், நல்லா இரிக்கி என்று ஒரு சொல்லோடு போயிருப்பார்கள், ஒருவரும் உன்னைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். பிள்ளை மல்லாந்து கிடந்து அந்த மஞ்சளையே பார்த்துக் கையைக் காலை அடிக்கிறதாம்.

நான் அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். காலையில் கருகிய துண்டு அதற்காக வாங்கியதுதான். பள்ளிவாசல் படியில் கிடக்கிற செருப்புகள். செருப்பில் இடமும் வலமும் சோடியாகத்தானே கிடக்கும், ராத்தாவுக்கு இந்த முறை வேலை இல்லை. அதன்பிறகு குடைகள், பிறகு கொடியில் காய்கிற உடுப்புகள். அல்லாஹ் எனக்குக் கண்ணைத் தந்தால் ஏழையும் தைப்பேன். மரச்சட்டத்துக்கு முன்னால் குந்தியிருந்தால் எப்படித் தெரியுமோ அப்படியேதான். சீலையில் தொங்கிய நூல் வால்களையும் இந்த முறை விடப்போவதில்லை, அவற்றையும் தைக்கப் போகிறேன்.

நீ உறங்குகிற கப்றில் அல்லாஹ் வெளிச்சத்தைத் தரட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆனால் சம்மதம் மட்டும் இனி உன்னிடம் கேட்கமாட்டேன். நீ வேண்டாம் என்றது உன் சீலையைப் பார்த்துத் தைப்பதை. அந்தச் சீலையின் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. நான் கண்டது நாம் இரண்டு பேரும் குந்தியிருந்த பக்கத்தை. அதில் பாதி என்னுடையது.